கல்லூரியில் வென்றவர்கள் என்.எஃப்.எல்.லில் வெல்ல முடியுமா? ஒரு மறுபரிசீலனை

1. கேள்வி

2002 ஜனவரியில் வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் அணி ஸ்டீவ் ஸ்பரியரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு, இரண்டரைக் கோடி டாலர். தொழில்முறைக் கால்பந்தில் அன்றைக்கு ஒரு பயிற்சியாளர் பெற்ற மிக உயர்ந்த ஊதியங்களில் அதுவும் ஒன்று. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் 12 பருவங்களில் 122 ஆட்டங்களை வென்று 27இல் மட்டுமே தோற்றவர் ஸ்பரியர். 1996ஆம் ஆண்டின் தேசியப் பட்டமும் அவருடையது. வாஷிங்டனில் அவர் இரண்டு பருவங்களே நீடித்தார். 12 வெற்றி, 20 தோல்வி. ஒப்பந்தத்தில் மூன்றாண்டு மீதமிருக்கத் தாமாகவே விலகினார்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்தின் வரலாற்றில் இந்தக் கதை பல பெயர்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. கல்லூரிக் களத்தில் பெரும் புகழ் பெற்றவர் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்கு வருகிறார், சில பருவங்களில், சில வேளை சில மாதங்களிலேயே, வெளியேறுகிறார். இந்த நிகழ்வுகளிலிருந்து ஒரு பொதுவிதி பிறந்தது: கல்லூரிப் பயிற்சியாளர் தொழில்முறைக் களத்துக்கு ஆகமாட்டார். விளையாட்டு எழுத்தாளர்களும் அணி உரிமையாளர்களும் ரசிகர்களும் இதை ஏறக்குறைய ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த விதி சான்றுகளைத் தாங்குகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் வாதம் இது: விதி தவறு. ஆனால் அதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பும் போதாது. கல்லூரி வெற்றி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் வெவ்வேறான மூன்று திறன்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றில் ஒன்று அப்படியே எல்லை தாண்டும். ஒன்று உருமாறினால் தாண்டும். ஒன்று தாண்டவே தாண்டாது. யாரிடம் எது மிகுந்திருந்தது என்று பிரித்துப் பார்க்காதவரை வெற்றியும் தோல்வியும் தற்செயல் போலவே தோன்றும்.

2. இரண்டு களங்களின் அமைப்பு

இரண்டு களங்களுக்கும் உள்ள ஆழமான வேறுபாடு ஆட்டக்காரர்கள் அணிக்கு வந்துசேரும் வழியில் இருக்கிறது. கல்லூரி விளையாட்டின் உயர்மட்டப் பிரிவில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. அவற்றுக்கிடையே பணமோ புகழோ வசதியோ சமமாக இல்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பயிற்சியாளரே தேடிச் செல்கிறார். வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசித் தம் கல்லூரிக்கு இழுக்கிறார். 2024 வரை ஓர் அணி 85 மாணவர்களுக்கு விளையாட்டு உதவித்தொகை தர முடிந்தது. வெல்லும் கல்லூரிக்கே சிறந்த மாணவர்கள் வருவார்கள். அவர்கள் வருவதால் அது மேலும் வெல்லும்.

என்.எஃப்.எல். இந்தச் சுழற்சியை உடைப்பதற்கென்றே கட்டப்பட்டது. 1936 முதல் நடக்கும் டிராஃப்ட் முறையில், முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே கல்லூரியிலிருந்து வெளிவரும் வீரரைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை. ஐ.பி.எல். ஏலத்தைப் போலப் பணம் கூட்டி வாங்க இங்கே இடமில்லை, வரிசைதான் தீர்மானிக்கும். 1994 முதல் எல்லா அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. 32 அணிகள், அணிக்கு 53 பேர் என்ற கட்டமைப்பில் எந்த அணியும் நீண்டகாலம் திறமையைக் குவித்து வைத்துக்கொள்ள முடியாது. இதன் விளைவு கண்கூடு. தோல்வியே காணாத கல்லூரிச் சாம்பியன்கள் பலர் உண்டு. என்.எஃப்.எல்.லில், பட்டத்தைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் போலின் காலம் முழுவதிலும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது 1972ஆம் ஆண்டின் மயாமி டால்ஃபின்ஸ் மட்டுமே.

இரண்டாவது வேறுபாடு அதிகாரத்தில். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் பெறுவோரிலேயே அதிக ஊதியம் வாங்குபவர் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர். பதினெட்டு, இருபது வயது மாணவரின் விளையாட்டு எதிர்காலம் அவர் கையில். தொழில்முறை அணியிலோ, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் சம்பளம் பயிற்சியாளருடையதைவிடப் பெரிது. வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்தம், முழுக் கவசத்துடனான பயிற்சிகளைப் பருவம் முழுவதற்கும் 14 என்று வரையறுத்தது. இந்த வீரர்களிடம் அதட்டல் நீண்டநாள் செல்லாது.

மூன்றாவது வேறுபாடு ஆட்டவிதிகளில். கல்லூரித் திடலின் உட்கோடுகளுக்கிடையே 40 அடி இடைவெளி, என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடி. கல்லூரியில் பந்து ஒரு ஓரத்தில் வைக்கப்படும்போது மறுபுறம் பெரும் வெட்டவெளி கிடைக்கும். வேகமான வீரர்களை அங்கே ஓடவிடலாம். எறியும் ஆட்டத்தில் முன்வரிசைக் காவலர்கள் கல்லூரியில் மூன்று கெஜம் வரை முன்னேறலாம், தொழில்முறையில் ஒரு கெஜம்தான். ஓட்டமா எறிதலா என்று எதிரணியைக் குழப்பும் கல்லூரி உத்திகள் பல இந்த இடைவெளிகளை நம்பியவை. தொழில்முறைத் திடலில் அவற்றின் கூர்மை குறைகிறது.

3. விதியை ஆதரிக்கும் சான்றுகள்

இத்தனை வேறுபாடுகள் இருக்க, தோல்விப் பட்டியல் நீண்டிருப்பதில் வியப்பில்லை. ஓக்லஹாமாவை 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் வெல்லவைத்த பட் வில்கின்சன், 1978-79இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் 9 ஆட்டங்களே வென்றார். பின்னாளில் நோட்ர டேமுக்கு 1988ஆம் ஆண்டுப் பட்டம் பெற்றுத் தந்த லூ ஹோல்ட்ஸ், 1976இல் நியூயார்க் ஜெட்ஸில் 3 ஆட்டங்களை மட்டும் வென்று, ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே விலகினார்.

அண்மைக் காலச் சான்றுகளில் மூன்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பாபி பெட்ரினோ 2007இல் அட்லான்டா ஃபால்கன்ஸில் 3 வெற்றி, 10 தோல்வியோடு பருவத்தின் நடுவிலேயே ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். வீரர்களுக்கு அவர் விட்டுச்சென்றது சில வரிக் குறிப்பு ஒன்றுதான். அணியின் நட்சத்திரமான மைக்கேல் விக்கை அந்தப் பருவத்தில் வழக்கும் சிறையும் கொண்டுபோனதையும் மறக்கக்கூடாது. பெட்ரினோவுக்குக் கிடைத்தது தலைவன் இல்லாத அணி.

சிப் கெல்லியின் கதை சிக்கலானது. ஆரிகனில் 46 வெற்றி, 7 தோல்வி கண்டவர் 2013இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு வந்தார். முந்தைய ஆண்டு நான்கே ஆட்டங்கள் வென்றிருந்த அணி, அவருடைய அதிவேக ஆட்டமுறையில் அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் பத்துப் பத்து வெற்றி பெற்றது. 2015 தொடக்கத்தில் வீரர்களைச் சேர்க்கும் நீக்கும் அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. 2013இல் லீகிலேயே அதிக தூரம் ஓடிய லெஷான் மெக்காயை பஃபலோவுக்கு மாற்றிக் கொடுத்தார். அந்தப் பருவம் முடியுமுன்பே பதவி போயிற்று. மறு ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் 2 வெற்றி, 14 தோல்வி.

விதியின் மிக வலுவான சான்று அர்பன் மயர். ஃப்ளோரிடாவில் இரண்டு, ஒஹாயோ ஸ்டேட்டில் ஒன்று என்று மூன்று தேசியப் பட்டங்கள் வென்றவர். 2021இல் ஜாக்சன்வில் ஜாக்வார்ஸ் அவருக்குப் பரந்த அதிகாரம் தந்தது; டிராஃப்டின் முதல் உரிமையில் ட்ரெவர் லாரன்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கும் கிடைத்தார். சின்சினாட்டியில் ஓர் ஆட்டம் தோற்றபின் அணியோடு ஊர் திரும்பாமல் ஒஹாயோவிலேயே தங்கியதற்காகப் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 13 ஆட்டங்களில் 2 வெற்றியோடு டிசம்பரில் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, தொழில்முறை அனுபவம் மிக்க டக் பீடர்சன் வந்தார். 2021இல் 17 எறிதல்களை எதிரணியிடம் பறிகொடுத்திருந்த லாரன்ஸ் 2022இல் 8 எறிதல்களையே பறிகொடுத்தார். அணி 9 வெற்றியோடு தன் பிரிவின் முதலிடம் பிடித்தது. குவார்ட்டர்பேக் அதே ஆள்; மேலே இருந்தவர் மாறினார். பயிற்சியாளரின் பங்கைத் தனியே பிரித்துக் காண்பது அரிது. இங்கே ஓரளவுக்கேனும் அது வெளிப்படுகிறது.

4. விதியை மறுக்கும் சான்றுகள்

மறுபக்கத்தில் நிற்பவர்கள் சில்லறை ஆட்களல்லர். தொழில்முறைப் பயிற்சிக் கலையின் அடித்தளத்தையே அமைத்தவர்களுள் ஒருவரான பால் பிரவுன், 1942இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்குத் தேசியப் பட்டம் வென்று தந்தவர். 1946இல் கிளீவ்லாந்தில் புதிதாகத் தொடங்கிய அணியை முதல் பத்துப் பருவங்களிலும் லீகின் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுசென்று ஏழு பட்டங்கள் வென்றார்.

ஸ்டான்ஃபர்டிலிருந்து 1979இல் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸுக்கு வந்த பில் வால்ஷ் மூன்று சூப்பர் போல்களை வென்றார். மயாமி பல்கலைக்கழகத்தில் 1987ஆம் ஆண்டுப் பட்டம் வென்ற ஜிம்மி ஜான்சன், 1989இல் டல்லாஸ் கவ்பாய்ஸில் 29 பருவங்கள் கோலோச்சிய டாம் லாண்ட்ரியின் இடத்துக்கு வந்து, அடுத்தடுத்து இரண்டு சூப்பர் போல்களை வென்றார். பாஸ்டன் காலேஜிலிருந்து வந்த டாம் காஃப்லின் நியூயார்க் ஜயன்ட்ஸோடு இரண்டு வென்றார். யு.சி.எல்.ஏ.விலிருந்து வந்த டிக் வெர்மீல் ஃபிலடெல்ஃபியாவை இறுதி ஆட்டத்துக்கு அழைத்துச் சென்று, பின்னாளில் செயின்ட் லூயிஸில் பட்டமே வென்றார்.

பீட் கேரல் தனிக் கவனத்துக்குரியவர். ஜெட்ஸிலும் நியூ இங்கிலாந்திலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்து இரண்டு இடங்களிலும் நீக்கப்பட்டவர். 2001இல் யு.எஸ்.சி.க்குப் போய்க் கல்லூரி விளையாட்டின் வலுவான அணிகளில் ஒன்றைக் கட்டினார். 2010இல் சியாட்டில் சீஹாக்ஸுக்கு வந்து 14 பருவங்கள் இருந்தார். 2013ஆம் ஆண்டுப் பருவத்தின் சூப்பர் போலில் டென்வரை 43-8 என்று வீழ்த்தினார். சியாட்டில் அவரைத் தேர்ந்தெடுத்தபோது யு.எஸ்.சி. புகழை மட்டும் பார்த்தவர்கள், இன்னொரு கல்லூரிப் பயிற்சியாளர் தோற்கப்போகிறார் என்றார்கள். அவர் ஒரே வகைக்குள் அடங்குபவர் அல்லர் என்பதை அந்த வகைப்பாடு மறைத்தது.

ஜிம் ஹார்பாவின் சான்று அளவுகோலாகப் பயன்படும் அளவுக்குத் துலக்கமானது. 2010இல் 6 வெற்றி பெற்றிருந்த 49அர்ஸ், அவர் ஸ்டான்ஃபர்டிலிருந்து வந்த 2011இல் 13 வென்றது. குவார்ட்டர்பேக் அதே அலெக்ஸ் ஸ்மித். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அணி, லீகின் இரு பாதிகளில் தான் சேர்ந்த பாதியின் இறுதி ஆட்டத்தை எட்டியது. மிஷிகனில் தேசியப் பட்டம் வென்றபின் 2024இல் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்கு வந்தார். முந்தைய ஆண்டு 5 வென்ற அணி 11 வென்றது. இங்கும் குவார்ட்டர்பேக் அதே ஜஸ்டின் ஹெர்பர்ட். மோசமான அணி மறு ஆண்டு ஓரளவு தேறுவது இயல்புதான். ஆனால் இரண்டு வேறு அணிகளில், பதின்மூன்று ஆண்டு இடைவெளியில், ஏறக்குறைய ஒரே அளவிலான ஏற்றம் நிகழ்வதை இயல்பான தேறுதல் என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

5. ஒப்பீட்டில் உள்ள கோளாறுகள்

இரண்டு பட்டியல்களையும் எதிரெதிரே வைத்து எண்ணிக்கை பார்ப்பது எளிது. அது தவறான முறை என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, காலியாகும் பதவிகளின் தன்மை. நன்றாக ஆடும் அணி பயிற்சியாளரை மாற்றுவது அபூர்வம். மயருக்குக் கிடைத்தது முந்தைய ஆண்டு ஒரே ஓர் ஆட்டம் வென்ற அணி. மயாமி டால்ஃபின்ஸை ஏற்ற நிக் சேபனுக்கும் கெல்லிக்கும் நான்கு வென்ற அணிகள். நேர்மாறான சான்று பாரி ஸ்விட்சர். ஓக்லஹாமாவில் மூன்று தேசியப் பட்டங்கள் வென்றவர், ஜான்சன் கட்டிமுடித்த டல்லாஸை 1994இல் ஏற்று, 1995ஆம் ஆண்டுப் பருவத்தின் சூப்பர் போலை வென்றார். 1997க்குள் அணி 6 வெற்றிக்குச் சரிந்தது. கல்லூரித் தேசியப் பட்டமும் சூப்பர் போலும் வென்றவர்கள் ஜான்சன், ஸ்விட்சர், கேரல் ஆகிய மூவர் மட்டுமே என்பதை மேற்கோள் காட்டுவோர், அந்த மூன்று பட்டங்களும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பதைச் சொல்வதில்லை.

இரண்டாவது, ஒப்பிட வேண்டிய மறுதரப்பை யாரும் பார்ப்பதில்லை. தொழில்முறை உதவிப் பயிற்சியாளராக வளர்ந்து தலைமைக்கு வந்தவர்களிலும் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் நீக்கப்படுகிறார்கள். 2022இல் டென்வரின் நதானியல் ஹாக்கெட் முதல் பருவத்தைக்கூட முடிக்கவில்லை. டெட்ராய்ட்டில் ராட் மாரினெல்லி 2008இல் 16 ஆட்டங்களையும் தோற்றார். இருவரும் தொழில்முறைக் களத்திலிருந்தே அந்தப் பதவிக்கு வந்தவர்கள். அவர்களுடைய தோல்வி அவரவர் பெயரில் எழுதப்படுகிறது. மயருடைய தோல்வி மட்டும் கல்லூரிப் பயிற்சியாளர் என்ற இனத்தின் பெயரில் எழுதப்படுகிறது.

மூன்றாவது காரணத்தை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். முதல் இரண்டு பருவங்களின் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஸ்பரியர்: 12 வெற்றி, 20 தோல்வி. மயாமி டால்ஃபின்ஸில் நிக் சேபன்: 15 வெற்றி, 17 தோல்வி. பில் வால்ஷ்: 8 வெற்றி, 24 தோல்வி. ஜிம்மி ஜான்சன்: 8 வெற்றி, 24 தோல்வி. தோற்றவர்கள் என்று நாம் எழுதிவைத்திருக்கும் இருவரும், மேதைகள் என்று போற்றும் இருவரையும்விட முதல் இரண்டாண்டில் அதிகம் வென்றிருக்கிறார்கள். வால்ஷும் ஜான்சனும் மூன்றாம் ஆண்டைப் பார்த்தார்கள். வால்ஷின் மூன்றாம் ஆண்டு 13 வெற்றியும் பட்டமும், ஜான்சனுடையது 11 வெற்றி. சேபன் மூன்றாம் ஆண்டுக்கு நிற்கவில்லை. அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போகப்போவதில்லை என்று 2006 டிசம்பரில் அறிவித்தவர், 2007 ஜனவரியில் அங்கேயே போனார். ஆறு தேசியப் பட்டங்கள் வென்றார்.

இங்கே ஒரு கட்டமைப்புக் காரணம் தெரிகிறது. தொழில்முறையில் வளர்ந்தவருக்குத் திரும்பிப் போக வேறு அரியணை இல்லை. புகழ்பெற்ற கல்லூரிப் பயிற்சியாளருக்கு அதே ஊதியத்தோடும் அதிக அதிகாரத்தோடும் ஒரு வாசல் எப்போதும் திறந்திருக்கிறது. ஆகவே அவருடைய சோதனை பெரும்பாலும் பாதியில் முடிகிறது. பாதியில் நின்ற சோதனைகளை முழுத் தோல்விகளாக எண்ணித்தான் அந்தப் பொதுவிதி உருவாகியிருக்கிறது.

6. விளக்கங்களின் எடை

இனி, வெற்றி தோல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று விளக்கங்களைச் சோதிக்கலாம்.

அனுபவம்: தொழில்முறைக் களத்தில் முன்பு பணியாற்றியவரே வெல்வார் என்பது முதல் விளக்கம். வால்ஷ் பத்துப் பருவங்கள் தொழில்முறை உதவியாளர். காஃப்லினும் கேரலும் அப்படியே. ஹார்பா 14 பருவங்கள் ஆடியவர். மயருக்கும் கெல்லிக்கும் அந்த அனுபவம் இல்லை. ஆனால் ஜான்சனுக்கும் இல்லை. சேபனும் பெட்ரினோவும் தொழில்முறை உதவியாளர்களாக இருந்தவர்களே. ஸ்பரியர் பத்துப் பருவங்கள் என்.எஃப்.எல்.லில் ஆடியவர். அனுபவம் துணைசெய்கிறது; தீர்மானிக்கவில்லை.

குவார்ட்டர்பேக்: நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்தவர் வென்றார், கிடைக்காதவர் தோற்றார் என்பது இரண்டாவது. இதில் உண்மை அதிகம். சேபனின் விதி 2006இல் திரும்பியது. தோளில் காயமுற்றிருந்த ட்ரூ பிரீஸை மருத்துவர்களின் ஐயத்தால் விட்டுவிட்டு மயாமி டான்டே கல்பெப்பரை எடுத்தது. பிரீஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்ச் சூப்பர் போல் வென்றார். டெம்பிள், பெய்லர் பல்கலைக்கழக அணிகளை அடிமட்டத்திலிருந்து தூக்கி நிறுத்திய மேட் ரூல், கரோலைனாவில் மூன்று ஆண்டுகள் மூன்று குவார்ட்டர்பேக்குகளை மாற்றி மாற்றிப் பார்த்து, 11 வெற்றி, 27 தோல்வியோடு நீக்கப்பட்டார். ஆயினும் லாரன்ஸ் இருந்தும் மயர் தோற்றார். வால்ஷ் ஜோ மான்டானாவையும், கேரலின் சியாட்டில் ரசல் வில்சனையும் டிராஃப்டின் மூன்றாம் சுற்றில்தான் எடுத்தார்கள். மற்ற அணிகள் எல்லாம் அவர்களைத் தாண்டிப் போயிருந்தன. அங்கே குவார்ட்டர்பேக் அதிர்ஷ்டமாக வந்து விழவில்லை. கண்டெடுக்கும் கண் இருந்தது.

அதிகாரம்: கல்லூரியில் தனியாட்சி செய்தவர் தொழில்முறையில் அதிகாரத்தைப் பகிரத் தெரியாமல் விழுகிறார் என்பது மூன்றாவது. கெல்லியின் மூன்றாம் ஆண்டு இதற்குச் சான்று. கல்லூரிக் களத்திலிருந்து டம்பா பே அணிக்கு வந்த கிரெக் ஷியானோவின் ஒரு நிகழ்வும் அப்படியே. 2012 செப்டம்பரில், தோற்பது உறுதியான ஆட்டத்தின் கடைசி நொடிகளில், எதிரணி குவார்ட்டர்பேக் மண்டியிட்டு ஆட்டத்தை முடிக்கும் வேளையில், தம் டம்பா பே வீரர்களைப் பாய்ந்து தாக்கச் செய்தார். கடைசி நொடிவரை போராடு என்பது கல்லூரியில் அவர் ஊட்டிய பாடம். தொழிலாளியின் உடலே மூலதனமாக இருக்கும் களத்தில் அது மரபுமீறலானது. எதிரே நின்று கண்டித்தவர் டாம் காஃப்லின். அவரும் கல்லூரியிலிருந்து வந்தவரே. அதே வழியில் வந்த இருவரில் ஒருவர் புதிய களத்தின் ஒழுங்கைக் கற்றிருந்தார், மற்றவர் கற்கவில்லை.

இம்மூன்று விளக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் தொடக்கத்தில் சொன்ன மூன்று திறன்கள் தெளிவாகின்றன. ஒன்று, கற்பித்தல்: தன்னிடம் இருக்கும் வீரரை முன்னிலும் சிறந்தவராக்குவது. இது அப்படியே எல்லை தாண்டும். முந்தைய ஆண்டு ஒரே ஆட்டம் வென்ற ஸ்டான்ஃபர்டை 2007இல் ஏற்று, 41 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணிக்கப்பட்ட ஆட்டத்தில் யு.எஸ்.சி.யை வென்று, 2010இல் 12 வெற்றிக்கு உயர்த்திய ஹார்பா இதற்கு எடுத்துக்காட்டு.

இரண்டு, திறமையைக் கண்டறிதல். கல்லூரியில் இது மாணவர் சேர்ப்பாக இருக்கிறது. தொழில்முறையில் டிராஃப்டாக உருமாற வேண்டும். பால் பிரவுன் 1946இல், தொழில்முறைக் கால்பந்து கறுப்பின வீரர்களை ஒதுக்கிவைத்திருந்த வேளையில், ஒஹாயோ ஸ்டேட்டில் தம்மிடம் ஆடிய பில் வில்லிஸையும், கடற்படை முகாம் அணியில் தம்மிடம் ஆடிய மேரியன் மோட்லியையும் அழைத்துக்கொண்டார். ஜான்சன் 1989 அக்டோபரில் அணியின் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து டிராஃப்ட் உரிமைகளைக் குவித்தார். எமிட் ஸ்மித்தை எடுக்க அவற்றில் ஒன்று உதவியது. ஆட்களைச் சேர்ப்பதில் வல்லவர், சேர்க்கும் வழி மாறியதும் அதற்கேற்பத் தம் கலையையும் மாற்றிக்கொண்டார்.

மூன்று, குவித்த திறமையாலும் தனியாட்சியாலும் ஆளுதல். மேலான வீரர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், அவர்கள் நமக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற இரண்டு நிபந்தனைகளின்மேல் நிற்கும் வெற்றி இது. என்.எஃப்.எல். அந்த இரண்டையும் நீக்கிவிடுகிறது.

இந்தப் பகுப்பு எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாகச் சொல்லவில்லை. ரூல் நல்ல ஆசிரியர், தோற்றார். திறமை குவிந்த யு.எஸ்.சி.யிலிருந்து வந்த கேரல் வென்றார். வாய்ப்பும் நேரமும் காயங்களும் எந்த வரையறைக்கும் அடங்காது. ஆனால் ‘கல்லூரி’, ‘தொழில்முறை’ என்ற இரட்டைப் பிரிவைவிட இது சான்றுகளோடு அதிகம் பொருந்துகிறது.

7. மாறிவரும் கல்லூரிக் களம்

கேள்வியின் அடித்தளமே இப்போது நகர்கிறது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு, ஓராண்டு காத்திருக்காமல் மாறலாம். 2025இல் நடைமுறைக்கு வந்த நீதிமன்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் வருவாயை வீரர்களோடு நேரடியாகப் பகிரலாம்; முதல் ஆண்டில் அதன் உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். உதவித்தொகை எண்ணிக்கைக்குப் பதில் 105 பேர் என்ற அணி வரம்பு வந்திருக்கிறது. பல கல்லூரிகள் தொழில்முறை அணிகளைப் போலப் பொது மேலாளர்களை அமர்த்துகின்றன. ஆறு சூப்பர் போல் வென்ற பில் பெலிசிக்கே 2024 டிசம்பரில் வட கரோலைனா பல்கலைக்கழகப் பதவியை ஏற்றார்.

வேண்டாதபோது விலகிப் போகும் உரிமையும், கையில் ஒப்பந்தமும் உள்ள வீரரைக் கல்லூரிப் பயிற்சியாளரும் இனி நடத்தியாக வேண்டும். அந்த அளவில் இரு களங்களுக்கும் இடையிலான அதிகாரப் பள்ளம் தூர்ந்துவருகிறது. ஆனால் கல்லூரியில் டிராஃப்ட் இல்லை. பணக்காரப் பல்கலைக்கழகத்தைக் கீழே இழுத்துச் சமன்செய்யும் முறை இல்லை. திறமைக் குவிப்பு தொடரும்வரை, குவிப்பால் வரும் வெற்றியும் கற்பித்தலால் வரும் வெற்றியும் ஒரே கணக்கில்தான் பதிவாகும்.

8. முடிவு

கல்லூரிப் பயிற்சியாளர் தொழில்முறைக் களத்தில் வெல்ல முடியுமா என்ற கேள்விக்கு விடை ஐயத்துக்கு இடமில்லாதது: முடியும். பிரவுன், வால்ஷ், ஜான்சன், காஃப்லின், கேரல், ஹார்பா ஆகியோரை விதிவிலக்குகள் என்று ஒதுக்கிவிட்டு இந்த லீகின் வரலாற்றை எழுத முடியாது.

ஆனால் ஒருவர் கல்லூரியில் எத்தனை ஆட்டம் வென்றார் என்பது அவர் தொழில்முறையில் வெல்வாரா என்பதற்கு நம்பத்தகுந்த சான்று அல்ல. உரிமையாளர்கள் பெரும்பாலும் அதைத்தான் விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு: தம்மைவிட வலிய அணியை எதிர்கொண்டபோது இவர் என்ன செய்தார்? இவரிடம் வந்த சராசரி வீரன் என்ன ஆனான்? தம் சொல்லுக்குக் கட்டுப்படத் தேவையில்லாத ஆளிடம் இவர் எப்படி நடந்துகொண்டார்? இவற்றுக்கு விடை கண்டபின், குறைந்தது மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்கும் துணிவும் வேண்டும். இரண்டாம் ஆண்டின் முடிவில் கணக்கை மூடியிருந்தால் வால்ஷும் ஜான்சனும் இன்று தோல்விப் பட்டியலில்தான் இருந்திருப்பார்கள். கல்லூரிப் பயிற்சியாளர்களின் தோல்வி வரலாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, தவறான சான்றைக் கொண்டு ஆளைத் தேர்ந்த உரிமையாளர்களின் தோல்வி வரலாறே.